ஷேடு சேராத மாத்திரை

ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டது. மாதத்துக்கு ஒருநாள் போவதுதான், சாயங்காலம் ஐந்து வரை வராது, அதனால் கம்பெனிக்கும் லீவு. சென்னியப்பன் பின்னறை ஜன்னலோரம் நின்று, இடது உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தான். வடக்குப் பார்த்த ஜன்னல். கலர் பார்க்க வடக்கு வெளிச்சம்தான் வெளிச்சம், மற்றதெல்லாம் ஏமாற்று என்பது அவன் கட்சி. கிழக்கு வெயிலில் எதை வைத்தாலும் கொஞ்சம் சிவப்பு ஏறிவிடும், டியூப்லைட்டில் வைத்தால் நீலம் ஏறிவிடும், வடக்கு வெளிச்சம் மட்டும் யாருக்கும் பரிந்து பேசாது. அதில் வைத்துப் பார்த்தபோதும் மாத்திரை மஞ்சளாகத்தான் இருந்தது. மஞ்சள்தான், யார் இல்லையென்றது? எந்த மஞ்சள் என்பதுதானே கேள்வி. பழையது பருப்பு மஞ்சள். இது அப்படியில்லை, ஒரு துளி பச்சை அடிக்கிறது. மற்றவர்கள் கண்ணுக்கு அடிக்காது, அவன் கண்ணுக்கு அடிக்கிறது. ஜன்னல் கட்டையில் சில்வர் டம்ளரில் தண்ணீர் இருந்தது. தினமும் காலையில் அவன் சாப்பிட்டு எழுந்ததும் கூடப்பிறந்த அக்கா மயிலாத்தாள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். வைப்பாள், அவ்வளவுதான். போட்டாயா என்று கேட்க மாட்டாள். தண்ணீர் கொடுப்பது நீங்கள், மாத்திரை போடுவது அவர் என்று டாக்டர் ஐந்து வருஷத்துக்கு முன்னால் பிரித்துக் கொடுத்த வேலையை அவள் இன்றுவரை ஒருநாள் கூட மீறியதில்லை. இப்போது முன்னறையில் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். சின்னக் கத்தரியின் சத்தம் கிட்டு கிட்டென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் மாத்திரை போட்டு மூன்று நாளாகிறது என்பது அவளுக்குத் தெரியாது. இன்றைக்கும் போடாவிட்டால் நாலு.

போடாத மூன்றும் பத்திரமாகத்தான் இருக்கின்றன. பல்பொடி டப்பா ஒன்றில் போட்டு, மூடிமேல் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருக்கிறான். கம்பெனியில் கழித்த பீஸுக்கு ஒட்டுகிற அதே ஸ்டிக்கர். கழித்ததைத் தூக்கி எறியக் கூடாது, ஏன் கழித்தோம் என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும், தொழில் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. அவனுக்குத் தொழில் ஷேடு பார்ப்பது. சாயம் போடுகிற டையிங்கிலிருந்து துணி வந்து இறங்கும். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு வெட்டி, வெளிநாட்டுக்காரன் சரியென்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய துண்டோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் துண்டுக்கு அப்ரூவல் என்று பெயர், அது ஒரு அட்டையில் பின் அடித்து உறைக்குள் இருக்கும். சேர்ந்தால் உள்ளே, சேராவிட்டால் திரும்ப வண்டியில். மிஷின் ஒன்று இருக்கிறது, அதுவும் நம்பர் சொல்லும். ஆனால் மேனேஜர் ஆல்பர்ட் மிஷின் சொன்ன பிறகும், "சென்னி, நீ ஒருக்கா பாரு" என்றுதான் சொல்வார். அந்த ஒருக்கா பாரு என்கிற வார்த்தைக்காகத்தான் அவன் பஸ் ஏறிப் போகிறானோ என்னவோ. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, நன்றாக ஆகி, தூக்கம் சரியாகி, முதல் சம்பளம் வாங்கிய மாதம் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த மாத்திரைதானே நம்மைச் சரி பண்ணியது, இதுதான் அப்ரூவல் என்று ஒரு மாத்திரையைத் தனியாக எடுத்து, சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, அட்டையில் பின் அடித்து, தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். மாதாமாதம் ஆஸ்பத்திரியில் வாங்கிவரும் புது அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். ஐம்பது அறுபது மாதம் சேர்ந்துதான் வந்தது. இந்த மாதம் சேரவில்லை. மருந்து கொடுக்கிற ஜன்னலில் அந்தம்மாவிடம் கேட்டான். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், அந்தம்மா நிமிரக்கூட இல்லை. "கம்பெனி மாறியிருக்குங்க, மருந்து அதேதான்" என்றாள். அங்கேதான் சிக்கியது. டையிங் மாற்றி ஓட்டிய மட்டமான லாட்டைக் கொண்டுவந்து இறக்குகிற டிரைவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி இதையேதான் சொல்வார்கள். டையிங் மாறியிருக்குதுங்க, கலர் அதேதான். ஐந்து வருஷமாக அந்த வார்த்தையைக் கேட்டதும் துணியைத் திருப்பி அனுப்பிய ஆள் அவன். மாத்திரையை மட்டும் எப்படி வாயில் போடுவான்?

கிட்டு கிட்டு. அக்கா ஒரு பீஸை உதறி வைக்கிறாள், அடுத்ததை எடுக்கிறாள். கரண்ட் இல்லாத நாளில் இந்த வீதி எவ்வளவு அமைதியாகிவிடுகிறது. எதிர்வீட்டு ஓவர்லாக் மிஷின் இல்லை, மூன்றாவது வீட்டு டிவி இல்லை, தண்ணீர் மோட்டார் இல்லை. இப்படி அமைதியாக இருந்தால்தான் அவனுக்குக் கொஞ்சம் பயம். காதுக்குள் அவர் வருவதற்கு முன்னாலும் இப்படித்தான் இருக்கும். அவர் என்றுதான் சொல்ல வேண்டும், அவன் என்று சொல்ல இன்றைக்கும் நாக்கு வராது, அவ்வளவு மரியாதையான குரல். பிறந்ததிலிருந்து சென்னியப்பனிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. "தம்பி, கொஞ்சம் இப்படித் திரும்புங்களே", "தம்பி, அந்த லேபிளைப் பாத்தீங்களா", எல்லாம் ங்க போட்டுத்தான். திட்டுகிற குரல், மிரட்டுகிற குரல் எல்லாம் வார்டில் மற்றவர்களுக்குக் கேட்டது என்று சொல்வார்கள். இவனுக்குக் கேட்டது விருந்துக்கு அழைக்கிற குரல். அதனால்தான் இரண்டு தடவை ஏமாந்தான். இரண்டாவது தடவை நன்றாக ஆகிவிட்டோமே, இனி எதற்கு என்று அப்போதைய மாத்திரையை நிறுத்தினான். பத்து நாள் ஒன்றுமில்லை, ராஜா மாதிரி இருந்தான், கை லேசாக இருந்தது, சாப்பாடு ருசித்தது. பதினோராவது நாள் பழைய கம்பெனியில் பேக்கிங்கில் நின்றுகொண்டிருந்தபோது அவர் லேபிளைக் காட்டினார். பனியன் உள்பக்கம் துவைக்கிற முறைக்காகப் படம் போட்டிருப்பார்களே, ஒரு தொட்டி, தொட்டிக்குள் ஒரு கை, ஒரு முக்கோணம், குறுக்கே பெருக்கல் குறி. அந்தக் கை யாருடையது தம்பி என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேன்டீனுக்குப் போயிருக்க, அவன் உட்கார்ந்து நானூறு பீஸில் லேபிளை வெட்டி எடுத்துவிட்டான். பாவம், அந்தக் கைகளையெல்லாம் தொட்டியிலிருந்து காப்பாற்றியாகிவிட்டது என்று எவ்வளவு நிம்மதியாக இருந்தது அன்றைக்கு. இப்போது நினைத்தால் வெட்கத்தில் காது சுடுகிறது. அக்கா வந்து கூட்டிப்போனாள். போலீஸ் கீலீஸ் என்று யாரோ பேசினார்கள், அவள் ஒருத்தியாக நின்று எல்லோரிடமும் கும்பிட்டாள். கும்பிட்ட கையை அவன் பார்த்தான். அதைத்தான் மறக்க முடியவில்லை.

அப்புறம் வார்டு, அப்புறம் இந்த மாத்திரை. சும்மா ஒன்றும் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் நாக்கு தடித்துப்போய் ஒரு பக்கமாக இழுத்தது, தாடை பூட்டிக்கொண்டது, கழுத்து திரும்பவில்லை. அதற்கு ஒரு ஊசி போட்டார்கள். எச்சில் தலையணையெல்லாம் வழிந்தது. கை விறைத்து, சட்டைப் பித்தானைப் போடக்கூட அக்கா வேண்டியிருந்தது. முப்பத்துநாலு வயது ஆம்பிளைக்குப் பித்தான் போட்டுவிட்டாள், போட்டுவிட்டுத் தோளைத் தட்டி, போலாம் என்பாள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைச் சொல்கிற மாதிரி. டாக்டர் அளவை ஏற்றி இறக்கி, கூட ஒரு சின்ன மாத்திரை சேர்த்து, பிறகு அதையும் எடுத்து, கடைசியில் இந்த ஒரு மஞ்சளில் கொண்டுவந்து நிறுத்த எட்டு மாதம் ஆனது. எட்டு மாதத்தில் அவனுடைய எதெதுவோ போய்விட்டது. வேகமாக நடக்க வராது. சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், அதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். கல்யாணப் பேச்சு ஒன்று இருந்தது, அது போன இடம் தெரியவில்லை. கண் மட்டும் போகவில்லை. நாலு மஞ்சளை வைத்தால் நாலையும் பிரித்துச் சொல்கிற கண். வியாதி தொடாமல் விட்டது அதை ஒன்றைத்தான் என்று அவனுக்கு ஒரு கணக்கு, அதில் ஒரு பெருமை. இப்போது அந்தக் கண்தான் சொல்கிறது, இது வேண்டாம் என்று. கண்ணையே நம்பாவிட்டால் மிச்சமிருக்கிற எதை நம்புவது? ஆனால் சொல்வது கண்தானா? இந்த இடத்துக்கு வந்தால்தான் மனசு சகதியில் வண்டிச்சக்கரம் மாதிரி அதே குழியில் சுற்றுகிறது. சேரவில்லை என்று கண் சொல்வது ஒன்று. யாரோ வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பது இன்னொன்று. முதலாவது தொழில், இரண்டாவது வியாதி. திங்கட்கிழமை காலையில் முதலாவது மட்டும்தான் இருந்தது, அது அவனுக்குச் சத்தியமாகத் தெரியும். நேற்று மத்தியானம் பஸ்ஸில் வரும்போது அந்த ஜன்னல் அம்மா நிமிராததற்குக் காரணம் இருக்குமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய நினைப்பை ஓடவிட்டான். இன்றைக்கு அது திரும்பி வந்து நிற்கிறது. இன்னும் ஏழெட்டு நாள் போனால் நிற்பதோடு விடுமா, வாயைத் திறக்கும், தம்பி என்று கூப்பிடும்.

பின் அடித்து வைத்திருந்த அட்டையை எடுத்தான். அப்ரூவல் மாத்திரையைக் கவரோடு உள்ளங்கையில் வைத்து, புதியதைப் பக்கத்தில் நகர்த்தினான். சேரவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தான், சேரவில்லை. கவரிலிருந்து பழையதை எடுத்து வைத்துப் பார்த்தால்? வேண்டாம், எடுத்தால் தூளாகிவிடும், ஐந்து வருஷம் ஆயிற்றே. ஐந்து வருஷம். கம்பெனியில் அப்ரூவல் துண்டை ஆறு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். துண்டும் வெளுக்கும், காற்றுப் பட்டால் மங்கும், வெளுத்த துண்டோடு ஒப்பிட்டு நல்ல லாட்டைக் கழித்த கதை எத்தனை பார்த்தாயிற்று. அப்படியானால் மாறியது இது இல்லை, அதுவா? இருக்கலாம். ஆனால் போன மாதம் சேர்ந்ததே. ஐந்து வருஷமாக மெல்ல மெல்ல வெளுத்ததும், மாதாமாதம் மெல்ல மெல்லக் கண் அதற்குச் சமாதானம் ஆகிக்கொண்டதும், இந்த மாதம் பிடிபட்டதா? மங்கினால் வெளுக்கத்தானே வேண்டும், புதியதில் பச்சை எங்கிருந்து வந்தது? பழையதில் பழுப்பு ஏறினால் புதியது பச்சையாகத் தெரியும், அதுவும் உண்டு. அடடா, எதைப் பிடித்தாலும் அதற்கு ஒரு பதில் இருக்கிறது, அந்தப் பதிலுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அக்காவிடம் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? அவள் முகம் எப்படி ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஐந்து வருஷம் உழைத்துச் சேர்த்த தூக்கம் அவளுடையதும்தான். மூன்று நாள் போடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றிலிருந்து அவன் இருமினால்கூட எட்டிப் பார்ப்பாள். அந்த எட்டிப் பார்க்கிற முகம் வேண்டாம். வேண்டாம் வேண்டாம் என்றுதான் திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, நேற்றும் போயிற்று.

"ஏஞ்சாமி, இங்க கொஞ்சம் வந்துட்டுப் போறயா?"

அக்காதான். மாத்திரையைக் கையில் மூடிக்கொண்டு முன்னறைக்குப் போனான். அவள் மடியில் ஒரு நீலப் பனியன் கிடந்தது. அதன் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்திருந்தாள்.

"இந்தக் கையும் இந்தக் கையும் ஒரே நீலந்தானே? கரண்டு இல்லாத, எனக்கு ஒண்ணும் மட்டுப்படல. வேற லாட்டு கலந்துருச்சுன்னா எம்மேலதான் சொல்லுவாங்க."

வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். வேறு வேறு. இடது கை கொஞ்சம் சிவப்பு அடித்தது. சொல்ல வாயெடுத்தவன் உடம்புத் துணியைப் பார்த்தான், அது இரண்டு கையோடும் சேரவில்லை. கழுத்துப் பட்டி தனியாக நின்றது. அக்கா வெட்டி வைத்திருந்த குவியலிலிருந்து இன்னொன்றை எடுத்தான், அதுவும் அப்படித்தான். இன்னொன்று. ஒரே பனியனில் முதுகின் மேல்பாதி ஒரு நீலம், கீழ்ப்பாதி ஒரு நீலம். நிமிர்ந்தால் சுவரில் ஜன்னலுக்கு இந்தப்பக்கம் ஒரு வெள்ளை, அந்தப்பக்கம் ஒரு வெள்ளை. அக்காவின் இரண்டு கை வளையல்களும் ஒரே ஜோடிதான், திருவிழாக் கடையில் அவனே பார்த்து வாங்கிக் கொடுத்தது, அதுவும் சேரவில்லை. உலகத்தில் எதுவும் எதோடும் சேரவில்லை. கம்பெனியில் யாராவது செக்கர் வரிசையாக எல்லாப் பீஸையும் கழிக்க ஆரம்பித்தால் ஆல்பர்ட் துணியைப் பார்க்க வரமாட்டார். ஆளை எழுப்பி, வெளியே போய்ப் பத்து நிமிஷம் மரத்தைப் பார்த்துவிட்டு வா என்பார். சென்னியப்பனை இதுவரை ஒருநாளும் அப்படி எழுப்பியதில்லை. பயமாக இருந்தது அவனுக்கு, மாத்திரையைக் கண்ட பயம் இல்லை இது, தன் கண்ணைக் கண்ட பயம்.

"என்ன கண்ணு, ஒண்ணுதானா?"

"தெரியலக்கா." அப்படியே அவள் எதிரில் உட்கார்ந்தான். துணிக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தான். "அக்கா, நான் மாத்தர போட்டு மூணு நாளாச்சு."

கத்தரி நின்றது. அவள் அதைக் கீழே வைத்தாள், கைதவறிப் போடவில்லை, வைத்தாள்.

"ஏஞ்சாமி?"

"இந்த மாசம் கலரு மாறியிருக்குது. அந்த மாத்தர இல்லியோன்னு இருக்குது எனக்கு." கையை விரித்துக் காட்டினான். வியர்வையில் மாத்திரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருந்தது. "கம்பெனி மாறியிருக்குதுன்னாங்க. மருந்து அதேதான்னாங்க. நாந்தான்..."

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, அதன் முதுகில் இருந்த எழுத்தையெல்லாம் விரல் வைத்துப் பார்த்தாள், அவளுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது. திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். அழுவாள் என்று பயந்திருந்தான். இரண்டும் இல்லை. புரியாத ஒரு தையலைப் பார்ப்பது போலப் பார்த்தாள், யோசித்தாள், பிறகு ஏதோ வழி அகப்பட்டவள் போல முகம் தெளிந்தது.

"செரி, ஒண்ணு பண்ணலாம். நான் ஒண்ணு போட்டுப் பாக்கறன். சாயங்காலம் வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவலீன்னா அப்பறம் நீ போடு." சொல்லிக்கொண்டே அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கிவிட்டாள். மிரட்டுவதற்குச் செய்யவில்லை, அவளுக்கு அந்தக் கள்ளமெல்லாம் வராது. ரசத்தில் உப்பு போதுமா என்று பார்ப்பதற்கு நாக்கை நீட்டுவாளே, அப்படி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டாள்.

"அய்யோ, வேண்டாக்கா!" எட்டி மணிக்கட்டைப் பிடித்தான். ஐந்து வருஷமாக அவன் கை அவ்வளவு வேகமாகப் போனதில்லை. "அதப் போடாத. பழகாத ஒடம்புக்கு அது ஆவாது. நாக்கெல்லாம் இழுத்துக்கும். தாட பூட்டிக்கும். கையெல்லாம் வெறச்சு ஒரு பித்தான்கூடப் போட முடியாது உன்னால. எனக்கு வந்ததே போதும், உனக்கு வேற வரோணுமா?"

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். சொன்னது காதில் விழுந்தது. தன் குரல்தான், ங்க போடாத குரல், பதறிய குரல். அந்த மஞ்சள் வில்லைக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சமும் சந்தேகமில்லாத ஆளின் குரல். வேறு ஏதோ மாத்திரையாக இருந்தால் நாக்கு எதற்கு இழுக்க வேண்டும்? தாடை எதற்குப் பூட்ட வேண்டும்? மூன்று நாளாக வடக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத் தீராதது, அவள் வாயருகே போனதும் தீர்ந்துவிட்டது. சேர்கிறதா என்றால் இப்போதும் சேரவில்லைதான், அது ஒரு துளி பச்சை அடிக்கத்தான் செய்கிறது. அடித்துவிட்டுப் போகட்டும். அவள் விரலிலிருந்ததைப் பிடுங்கி அட்டைமேல் வைத்தான். தன் கையிலிருந்ததை, வியர்வை பட்டு ஓரம் கரைந்திருந்ததை, வாயில் போட்டான். கசந்தது. பழையதும் முதல் நாள் இப்படித்தான் கசந்ததா, ஞாபகமில்லை. அக்கா எழுந்து ஓடி டம்ளரை எடுத்துவந்தாள். காலையிலிருந்து வைத்திருந்த தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாகியிருந்தது. மொத்தத்தையும் குடித்தான்.

"விட்டுப்போனதயெல்லாம் சேத்துப் போட்டராத" என்றாள் அக்கா. "நாளைக்கு வெடிஞ்சதும் டாக்டருகிட்டயே போயிக் கேக்கலாம். அட்டையையும் கொண்டுபோயிக் காட்டலாம்."

"ம்."

அவள் உட்கார்ந்தாள். கத்தரியை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள், துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தாள். இதைத்தான் பார்க்க வேண்டாம் என்று மூன்று நாள் இருந்தான்.

"மூணு நாளு எங்கிட்டச் சொல்லாத இருந்திருக்கற."

"நீ பயந்துக்குவீன்னுதாங்க்கா."

"பயந்துக்கத்தான் செய்வேன்" என்றாள். "எனக்கென்ன, பயந்துக்கிட்டு இருந்துட்டுப் போறேன். நீ சொல்லீரு சாமி."